எண்ணப்படும் கைதிகள், எண்ணப்படாத நாட்கள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டின் கணக்கு இது: சிறைகள் 1,330. அவற்றில் 4,36,266 பேருக்கு இடம் உண்டு. இருந்தவர்களோ 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 76 பேர், குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாத நிலையில் உள்ளே இருந்தார்கள். இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சிறைகளின் மொத்தக் கொள்ளளவும் விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றே. தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் இந்த நாட்டுச் சிறைகள் நிரம்பித்தான் இருந்திருக்கும்.

இது நேற்று வந்த நிலை இல்லை. 1977 ஏப்ரல் 1 அன்று சிறைகளில் இருந்தவர்கள் 1,84,169 பேர். விசாரணைக் கைதிகள் 1,01,083 பேர், நூற்றுக்கு 55. அந்த விகிதமே அன்று பேரதிர்ச்சியாக இருந்தது. சட்ட ஆணையம் 1979இல் தன் 78ஆவது அறிக்கையை இந்த ஒரு பொருளுக்கென்றே எழுதியது. அதே காலத்தில், காவல்துறை உயரதிகாரியாக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி பீகார் சிறைகளில் கண்டதை இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் எழுதினார். அதைப் படித்த வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோராணி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அப்படிப் பிறந்ததுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் உறுதியாகியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தையும் தாண்டி, விசாரணையே தொடங்காமல் உள்ளே கிடந்தவர்களின் பட்டியல் நீதிமன்றத்தின் முன் வந்தது. விரைவான விசாரணை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பளித்தார். அந்த வழக்கை அடுத்து நாடெங்கும் சுமார் 40 ஆயிரம் பேர் வெளியே வந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகளும் ஆணைய அறிக்கைகளும் சட்டத் திருத்தங்களும் ஏராளம். ஆனாலும் 55 என்ற விகிதம் 2022இல் 76 ஆகியிருந்தது. சட்டம் பிணையின் பக்கம் நகர நகர, சிறை ஏன் எதிர்ப்பக்கம் நகர்ந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புள்ளிவிவரத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தியா பெருந்தொகையானவர்களைச் சிறையில் அடைக்கும் நாடு இல்லை. இங்கே லட்சம் பேருக்குச் சுமார் 40 பேர் சிறையில். அமெரிக்காவில் அந்த எண் 500க்கு மேல். ஆகவே நம் நோயை அமெரிக்க நோயாகக் கருதி மருந்து தேடுவது பயன் தராது. அங்கே தண்டனைகள் அதிகம், நீளம். இங்கே தீர்ப்பு அபூர்வம். விசாரணைக் கைதிகளின் பங்கு உயர்வதற்கு அவர்கள் பெருகுவது ஒரு காரணம். வழக்குகள் முடியாததால் தண்டனைக் கைதிகள் பெருகாமல் இருப்பது இன்னொரு காரணம். விகிதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த இரண்டாவது காரணம் கண்ணில் படாது.

டிசம்பர் 31 கணக்கில் வேறொரு மறைவும் உண்டு. அது ஒரு நாளின் இருப்பைச் சொல்கிறது. ஆண்டு முழுவதும் உள்ளே போய் வந்தவர்களைச் சொல்வதில்லை. இந்தியச் சிறைகளுக்குள் ஓராண்டில் சுமார் 18 லட்சம் பேர் அனுப்பப்படுகிறார்கள். பதினைந்து நாள், ஒரு மாதம், மூன்று மாதம் என்று இருந்துவிட்டு வெளியேறுகிறவர்கள் அவர்களில் பெரும்பாலோர். பதினைந்து நாளில் ஒரு தினக்கூலியின் வேலை போய்விடும். மாணவருக்குத் தேர்வு போய்விடும். வாடகை வீட்டிலிருந்து குடும்பம் வெளியேறியிருக்கும். ஆண்டிறுதிக் கணக்கில் அவர்கள் எங்கும் இல்லை.

குற்றம் பெருகுகிறது, அதனால் சிறை நிரம்புகிறது என்ற எளிய விளக்கம் மக்களிடம் செல்வாக்குடையது. குற்றப் புள்ளிவிவரம் எதை எண்ணுகிறது என்று தெரிந்தால் அந்த விளக்கம் ஆட்டம் காணும். காவல் நிலையங்களில் பதிவான முதல் தகவல் அறிக்கைகளைத்தான் ஆவணக் காப்பகம் எண்ணுகிறது. ஒரே அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் கடுமையான ஒன்றை மட்டுமே கணக்கில் சேர்க்கிறது. நடந்தும் பதிவாகாதது அதில் வராது. பதிவு செய்வதில் அரசு முனைப்புக் காட்டினால் எண் ஏறும்.

தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுக் கணக்கே இதற்குச் சான்று. 2019இல் இங்கே பதிவான வழக்குகள் சுமார் நாலரை லட்சம். அடுத்த ஆண்டு அது 13 லட்சத்தைத் தாண்டியது. இந்திய தண்டனைச் சட்ட வழக்குகளில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தது. மக்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஆண்டில் குற்றம் மூன்று மடங்காகியிருக்குமா? பொது ஊழியரின் உத்தரவை மீறியதாகச் சொல்லும் 188ஆவது பிரிவின் கீழ் ஊரடங்கு வழக்குகள் குவிந்தது ஒரு முக்கியக் காரணம். நாடு முழுவதும் அந்தப் பிரிவில் 2019இல் 29,469 வழக்குகள், 2020இல் 6,12,179. மளிகை வாங்க வெளியே வந்தவரும் கடையை நேரத்துக்கு மூடாதவரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தார்கள் என்று அந்த ஜூன் மாதம் பிடித்துச் செல்லப்பட்ட சாத்தான்குளம் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டு, ரிமாண்ட் செய்யப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து இறந்தார்கள்.

ரிமாண்ட் என்பதை நான் இந்தக் கட்டமைப்பின் மிக முக்கியமான கட்டமாகக் கருதுகிறேன். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அவர் எதிரே நிற்பவரைப் பார்த்து, காயம் இருக்கிறதா என்று கேட்டு, சிறைக்கு அனுப்பத் தேவை உண்டா என்று மனத்தைச் செலுத்தி முடிவெடுக்க வேண்டும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவையின்றிக் கைது செய்யக் கூடாது, காரணம் எழுதாத கைதுக்கு நடுவரும் இயந்திரம்போல் ஒப்புதல் தரக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நடைமுறையில் பல இடங்களில் ரிமாண்ட் சில நிமிட வேலை. அச்சிட்ட படிவத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் வழக்கறிஞர் இருப்பதில்லை. அங்கே பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டால், பின்னால் உயர் நீதிமன்றம் வரை நீளும் பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

அடுத்தது பிணை. 'சிறை விதிவிலக்கு, பிணையே விதி' என்ற கோட்பாட்டை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977இல் பால்சந்த் வழக்கில் வகுத்தார். அதற்கு அடுத்த ஆண்டு மோத்திராம் வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்குப் பிணை கிடைத்தது. கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டது. கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? கொத்தனாரைச் சொந்தப் பிணையில், ஆயிரம் ரூபாய்க்கு, விடச் சொன்னார். இன்று கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கைதாகும் ஒடிசா, பீகார் தொழிலாளிக்கு இங்கே யார் ஜாமீன் நிற்பார்கள்?

தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் இந்தச் சடங்கு எப்படி நடக்கிறது என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வரும். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது, சில வழக்குகளில் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று. சொந்த வீடு இல்லாதவரின் உறவினர்களுக்கும் பெரும்பாலும் சொந்த வீடு இருக்காது. அதனால் கூலிக்கு ஜாமீன் நிற்பவர்கள் உருவாகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கக் கந்துவட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். வெளியே வந்தபின் தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், வேலைக்குப் போவது எப்படி? பணமுள்ளவர் ஓடிவிட மாட்டார், ஏழை ஓடிவிடுவார் என்ற அனுமானத்தின் மீது இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. வீடும் குடும்பமும் ஒரே தெருவில் இருக்கும் கட்டடத் தொழிலாளியைவிடக் கடவுச்சீட்டும் வங்கி இருப்பும் உள்ளவருக்குத்தான் ஓடிப்போகும் வசதி அதிகம்.

பிணை கிடைத்தும் வெளியேற முடியாதவர்கள் நாட்டில் சுமார் 5,000 பேர் என்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2022 இறுதியில் கணக்கெடுத்து உச்ச நீதிமன்றத்திடம் சொன்னது. 2022 நவம்பர் 26, அரசியலமைப்பு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு எழுதி வைத்திருந்த உரையைவிட்டு விலகி, சிறைகளில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி நீதிபதிகளிடம் பேசியதும் அந்தக் காலத்தில்தான். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் நடைமுறை உத்தரவுகள் பிறப்பித்தது. பிணை உத்தரவு சிறைக்கு மின்னஞ்சலில் உடனே போக வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியேறாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தும் பிணைப்பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம். அதே ஆண்டு ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பிணைத் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40 ஆயிரம் ரூபாய் வரை அரசே செலுத்தும் என்றது அது. நல்ல திட்டம். ஆனால் அரசே கேட்ட பணத்தை அரசே கட்டும் சுற்றுவழி எதற்கு? பிணையில் விடத்தக்க குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் தர முடியாதவரை வறியவராகக் கருதிச் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்று சட்டம் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் முதலே சொல்கிறது. மற்றக் குற்றங்களுக்கும் அதே மனப்பான்மையை நீட்டினால் பணமே நடுவில் வர வேண்டாம்.

பிணையும் கிடைக்காதவர்களுக்குக் காலம்தான் மிச்சம். 2021 இறுதியில் ஐந்தாண்டுக்கு மேலாக விசாரணைக் கைதிகளாகவே இருந்தவர்கள் 11 ஆயிரத்துக்கும் அதிகம். பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது. இன்று அனுமதிக்கப்பட்ட பணியிடங்களே ஏறத்தாழ 21தான். வழிக்காவலுக்குக் காவலர் இல்லை என்று கைதியை நீதிமன்றத்துக்கு அழைத்து வராத நாட்கள், சாட்சி வராத நாட்கள், நீதிபதி மாறுதலான நாட்கள் எல்லாம் வாய்தாவாகின்றன. ஒவ்வொரு வாய்தாவும் உள்ளே இருப்பவரின் கணக்கில்தான் சேர்கிறது.

இதற்கு ஒரு வரம்பு கட்டவே 2005இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 436அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளே கழித்தவரை விடுவிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, தன் 479ஆவது பிரிவில், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு கொடுத்ததைப் பெருமளவு திரும்ப வாங்கிக்கொள்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரே சம்பவத்துக்கு நாலைந்து பிரிவுகள் போடுவது காவல் நிலையங்களின் அன்றாட வழக்கம். அப்படியிருக்க இந்த வாசல் எத்தனை பேருக்குத் திறக்கும்?

சிறப்புச் சட்டங்களில் வாசலே வேறு. போதைப்பொருள் சட்டத்தின் 37ஆவது பிரிவும், பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவும், குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே பிணை என்கின்றன. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான ஊபாவின் 43டி(5) பிரிவோ, குற்றச்சாட்டு மேலோட்டப் பார்வைக்கு உண்மையாகத் தோன்றினாலே பிணையை மறுக்கச் சொல்கிறது. விசாரணை முடிவில் அரசு நிரூபிக்க வேண்டியதை, விசாரணை தொடங்கும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்துக் காட்ட வேண்டிய நிலை. உச்ச நீதிமன்றமே இரு குரலில் பேசியிருக்கிறது. நஜீப் வழக்கில் 2021இல், நீண்ட சிறைவாசம் ஒன்றே ஊபாவிலும் பிணைக்குப் போதும் என்றது. 2024 பிப்ரவரியில் குர்விந்தர் சிங் வழக்கில், ஊபாவைப் பொறுத்தவரை சிறையே விதி என்றது. பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்குகளில், அதே ஆண்டு ஆகஸ்டில் மணீஷ் சிசோடியா 17 மாதங்களுக்குப் பிறகும், செப்டம்பரில் செந்தில் பாலாஜி 15 மாதங்களுக்குப் பிறகும் பிணையில் வந்தார்கள். இருவர் வழக்கிலும் விசாரணை அண்மையில் முடியாது என்பதே அடிப்படை. நாட்டின் முன்னணி வழக்கறிஞர்கள் வாதாடியும் இத்தனை மாதம் என்றால், வழக்கறிஞரின் பெயரே தெரியாமல் உள்ளே இருப்பவரின் நிலையைக் கணித்துக்கொள்ளலாம்.

ஸ்டேன் சுவாமியை இந்த இடத்தில் நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களிடையே பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். நக்சல்கள் என்று சொல்லி அடைக்கப்பட்ட ஆதிவாசி இளைஞர்களின் வழக்குகளை ஆராய்ந்தார். விசாரணைக் கைதிகளின் விடுதலைக்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைதானபோது அவருக்கு 83 வயது, நடுக்குவாத நோய். மருத்துவக் காரணத்துக்காகக் கேட்ட பிணை மறுக்கப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் வழக்கில் விசாரணை தொடங்கவேயில்லை.

தமிழ்நாட்டின் சிறைகள் ஒரு கணக்கில் நல்ல பெயர் எடுப்பவை. டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் நூறு பேர் இடத்தில் 180 பேர் அடைந்து கிடக்க, இங்கே கொள்ளளவே நிரம்புவதில்லை. ஆனால் நாட்டின் தடுப்புக் காவல் கைதிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம், மக்கள் பேச்சில் குண்டர் சட்டம் அல்லது 'குண்டாஸ்', விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை அடைத்து வைக்க இடம் தருகிறது. கள்ளச்சாராயம் முதலிய சில குற்றங்களுக்காக வந்த சட்டத்தில் பின்னர் மணல் கடத்தலும் திருட்டு விசிடியும் இணையக் குற்றமும் சேர்ந்தன. வழக்கில் பிணை கிடைத்துவிடக்கூடும் என்பதையே காரணமாகக் காட்டி ஆணை பிறப்பிப்பது சாதாரணம். வழக்கமான சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாட்டிலிருந்து போன ரேகா வழக்கில்தான். சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும் இத்தகைய ஆணைகளைத் தொடர்ந்து ரத்து செய்கின்றன. மொழிபெயர்ப்பு நகல் தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று காரணங்கள் கிடைக்கும். ரத்தாகும் நாளில் ஆள் பல மாதம் உள்ளே இருந்திருப்பார். ஆணையிட்ட அதிகாரிக்கு ஒன்றும் நேர்வதில்லை. அடுத்த ஆணை தயாராகிறது. நெரிசல் இல்லாத சிறையை மட்டும் காட்டி நாம் நிம்மதி அடைய முடியாது.

உள்ளே இருப்பவர்கள் யார் என்பதையும் கணக்கு சொல்கிறது. விசாரணைக் கைதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். நாலில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாயோடு சிறையில் வளரும் குழந்தைகள் 1,700க்கும் மேல். விசாரணைக் கைதிகள் யாரும் வாக்களிக்க முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு சிறையில் இருக்கும் எவருக்கும் வாக்கைத் தருவதில்லை, தடுப்புக் காவல் கைதிகளைத் தவிர. தண்டனை பெற்று மேல்முறையீட்டில் பிணையில் வெளியே இருப்பவர் வாக்களிக்கலாம்; தண்டனையே பெறாமல் உள்ளே இருப்பவர் வாக்களிக்க முடியாது. நாலு லட்சம் பேரின் வாக்கு இல்லை என்பதால்தானோ என்னவோ, எந்தத் தேர்தல் அறிக்கையிலும் இந்தப் பிரச்சினை முன்வரிசைக்கு வந்ததில்லை.

இவ்வளவு எண்ணும் அறிக்கையில் ஓர் அட்டவணை இல்லை. விடுதலைத் தீர்ப்புப் பெற்றவர்கள் அதற்கு முன் எத்தனை நாள் சிறையில் இருந்தார்கள்? இந்திய தண்டனைச் சட்ட வழக்குகளில் விசாரணை முடிந்தவற்றில் தண்டனையில் முடிபவை பாதிக்குச் சற்று மேல்தான். எனவே விடுதலையாவோர் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில். அவர்கள் உள்ளே கழித்த நாட்களைச் சிறைப் பதிவேடும் நீதிமன்றப் பதிவேடும் தனித்தனியே அறியும். இரண்டையும் சேர்த்து மாவட்ட வாரியாகவும் குற்றப் பிரிவு வாரியாகவும் வெளியிடுவது இன்றைய கணினி வசதியில் கடினமான காரியம் இல்லை. எந்தக் காவல் நிலையத்தின் கைதுகள் வீணாகின்றன, எந்த நீதிமன்றத்தின் ரிமாண்டுகள் பொருளற்றவை என்று அப்போதுதான் பொறுப்பைச் சுட்ட முடியும். நான் கேட்கும் முதல் சீர்திருத்தம் இதுவே. தனிப் பிணைச் சட்டம் வேண்டும் என்று சதேந்தர் குமார் அந்தில் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்ன யோசனையும் அதன்பின் உறுதியான தரவின் மீது நிற்கும்.

இழந்த நாட்களுக்கு ஈடும் இல்லை. பீகாரில் 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற ருதுல் சா 1982 வரை சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் 1983இல் 35 ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அது நீதிமன்றத்தின் கருணையில் பிறந்த வழி, எல்லாருக்கும் உரிய சட்டமில்லை. தவறான வழக்குகளில் சிக்கியவர்களுக்கு அரசு இழப்பீடு தரச் சட்டம் இயற்ற வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2023இல் மூன்று குற்றவியல் சட்டங்களையும் புதிதாக எழுதியபோது நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. காரணமின்றிக் கைது செய்யப்பட்டவருக்கு நடுவர் வழங்கக்கூடிய இழப்பீடு பழைய சட்டத்தில் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். புதிய சட்டத்தின் 399ஆவது பிரிவிலும் ஆயிரம் ரூபாய்தான். அதையும் அரசு கொடுக்க வேண்டியதில்லை, கைதுக்குக் காரணமாக இருந்த தனிநபரே கொடுக்க வேண்டும்.